மண்ணை வாரித் தூற்றும் திருப்பாடல்கள்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அடுத்தடுத்துச் சாவு விழுந்துகொண்டிருந்த வாரம், "குடிச்சாங்க, ஆண்டவர் கூலி கொடுத்துட்டார்" என்று ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டேன். சொன்னவர் ஜெபம் தவறாத மனிதர். சோதோமையும் துணைக்கு இழுத்தார். அவரைச் சுற்றி நின்ற நாலு பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பைபிள் வாசிக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, வேதத்தில் ஆண்டவர் பழிவாங்குவதாக வரும் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தெரியாமல் தள்ளிவைத்தால் அவை இப்படித்தான் கண்டவர் கையில் கல்லாகிப் போகும்.

பகுதிகள் கொஞ்சநஞ்சமா? நோவா காலத்து வெள்ளம், சோதோமின் மேல் பொழிந்த நெருப்பு, எகிப்தின் தலைப்பிள்ளைகள், எரிகோவில் வாளுக்கு இரையான ஆணும் பெண்ணும் கிழவரும். எல்லாவற்றையும்விடக் கொடியது சாமுவேல் முதல் நூலின் 15-ஆம் அதிகாரம். அமலேக்கியரைப் பால்குடிக் குழந்தை வரை கொல்லச் சொல்லி சவுலுக்குக் கட்டளை வருகிறது. நம் கண்ணகிகூட மதுரையை எரிக்கும்போது குழந்தைகளையும் முதியவரையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்கிறாள். தமிழ் படித்த எந்தக் கிறிஸ்தவரும் இந்த இடத்தில் தடுக்கி விழத்தான் வேண்டும். விழாதவர் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

இந்தத் தடுக்கல் புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசு காட்டிய தந்தை வேறு என்று சொல்லி யூத வேதத்தை முழுக்கக் கழித்துக் கட்டினார். 144 வாக்கில் ரோமைத் திருச்சபை அவரை விலக்கிவைத்தது. அவர் வழி சுலபமான வழிதான். ஆனால் இயேசு சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்து ஜெபித்த நூலைத் தூக்கிப்போட்டுவிட்டு இயேசுவை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது?

வரலாற்று ஆய்வு கொஞ்சம் கைகொடுக்கிறது. 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலமாகக் கருதப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த பெருநகரம் இருந்ததற்குத் தடயம் காணவில்லை. பைபிளுக்குள்ளேயே ஒரு தடயம் உண்டு. சவுல் அடியோடு அழித்ததாகச் சொல்லப்படும் அமலேக்கியர், அதே நூலின் 30-ஆம் அதிகாரத்தில் படையெடுத்து வந்து தாவீதின் ஊரைக் கொளுத்துகிறார்கள். ஆக, எழுதியவர்கள் பிணம் எண்ணிக் கணக்கு எழுதவில்லை. தோற்றுச் சிதறிய ஒரு சிறு இனம், தன் கடவுள் வல்லவர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விதம் இது. பழைய ஏற்பாட்டில் நிறைவில்லாதவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஒத்துக்கொண்டது. இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கட்டளை ஆண்டவர் பெயரால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த முள் இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

சபைக்கும் இதில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. குருக்களும் கன்னியரும் தினமும் சொல்லும் திருப்புகழ்மாலை 1971-இல் திருத்தப்பட்டு வந்தபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை முழுதாக எடுத்துவிட்டார்கள். பகைவனைச் சபிக்கும் பாடல்கள் ஜெபிக்கிறவர்களின் மனதை உறுத்தும் என்று நினைத்தார்கள். பாபிலோனியரின் குழந்தைகளைப் பாறையில் மோதச் சொல்லும் 137-ஆம் பாடலின் கடைசி வரிகளும் போயின. இதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காத பொம்பளை நடுத்தெருவில் நின்று தலையை விரித்துப்போட்டு, மண்ணை வாரித் தூற்றி, "நீ வெளங்க மாட்ட, உன் குடும்பம் அழிஞ்சி போவும்" என்று சாபம் விடுவாள். போலீசுக்குப் போக வழியில்லாதவள், வக்கீல் வைக்கக் காசில்லாதவள் செய்வது அது. 137-ஆம் பாடலும் அப்படிப்பட்ட ஒன்றுதான். தங்கள் நகரம் எரிந்ததையும் தங்கள் பிள்ளைகள் செத்ததையும் பார்த்துவிட்டு அடிமையாக இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வாய் அது. அவர்கள் வாளை எடுக்கவில்லை, ஆண்டவர் காதில் போட்டார்கள். பழிவாங்குவது ஆண்டவருடைய வேலை என்று பவுல் ரோமையருக்கு எழுதுவதும் அதை நம் கையிலிருந்து பிடுங்கத்தான்.

கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் செத்தது 60-க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், அவர்களில் பெண்களும் உண்டு. கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம். அது கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு மூச்சை நிறுத்தும். அதை வாங்கியவர், கலந்தவர், பாக்கெட் போட்டவர், விற்றவர், பார்த்தும் பாராமல் இருந்தவர் என்று மனிதக் கைகள் வரிசையாக இருக்கின்றன. ஆண்டவரின் கையை அங்கே தேடுவது இந்தக் கைகளுக்கெல்லாம் மறைப்புக் கட்டுகிற வேலை.

சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசினார். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்றார். இதை எடுத்துச் சொன்னபோது, சோதோமைத் துணைக்கு இழுத்த அந்த மனிதர் மடக்கினார்: "அடுத்த வசனத்தையும் படிங்க டீச்சர். மனம் மாறாட்டி நீங்களும் அழிவீங்கன்னு இருக்குதே." இருக்கிறதுதான். ஆனால் அது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னது. ஊருக்கு நடுவே பாக்கெட் சாராயம் விற்றது தெரிந்தும் வாய் திறக்காத நமக்குத்தான் அது பொருந்தும் என்றேன். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயா 61-ஐ வாசித்ததையும் சொன்னேன். கடவுள் பழிவாங்கும் நாளைப் பற்றிய சொற்கள் வரும் முன்பே வாசிப்பை நிறுத்திச் சுருளை மூடிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பதில் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

கீழே கருணாபுரத்தில் சாவு விழுந்ததும் பழி பக்கத்துக் கல்வராயன் மலை ஏறியது. சாராய ஊறல் அழிக்கப் போலீஸ் படையெடுத்தது. சாராயம் காய்ச்சியவர்கள் மலையில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்து, ரோடும் ஆஸ்பத்திரியும் கடைசியாக எட்டிப்பார்த்த மலையாளிப் பழங்குடிச் சனங்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் குற்றவாளி ஆக்கியது பேச்சு. இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மலைப் பையன் ஒருவன், "சாராயக்காரன்" என்று பேர் வாங்கிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 7. நேரம் போதாவிட்டால் சிலவற்றை விடலாம். செங்கடலைக் கடக்கும் விடுதலைப்பயணம் 14-ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. அதற்காகப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும்போது கொஞ்சம் முன்னால், 11-ஆம் அதிகாரத்திலிருந்தே படிப்போம். பார்வோனின் தலைப்பிள்ளை முதல், திரிகைக் கல்லின் பின்னால் உட்கார்ந்திருக்கும் அடிமைப் பெண்ணின் தலைப்பிள்ளை வரை சாவும் என்று வரும் இடத்தில் அந்த மலைப் பையன் கையைத் தூக்கினான். அவன் பாட்டி இன்னும் கேழ்வரகைத் திரிகையில்தான் அரைக்கிறாள்.

"அந்த அம்மா அடிமைதானே டீச்சர்? பார்வோன் பண்ணதுக்கு அவங்க புள்ள ஏன் சாவணும்?"

எனக்குப் பதில் தெரியாது என்றேன். யூதர்கள் பாஸ்கா விருந்தில் எகிப்தின் ஒவ்வொரு வாதையையும் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சை இரசத்தைக் குறைப்பார்கள். எதிரியின் துயரத்தில் தங்கள் மகிழ்ச்சி முழுசாக இருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு, உன்னை மாதிரியே ஆண்டவரிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டவர் ஒருவர் உண்டு என்று தொடக்கநூல் 18-ஐ எடுத்துக் கொடுத்தேன். சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசும் பகுதி. 50 நல்லவர்கள் இருந்தால் அழிப்பீரோ என்று ஆரம்பித்து 45, 40, 30, 20, 10 என்று இறக்கிக்கொண்டே வருகிறார். ஆண்டவர் ஒவ்வொரு முறையும் இறங்கி வருகிறார், கோபப்படவே இல்லை.

பையன் விரலை வைத்துப் படித்து முடித்தான். "பத்தோட ஏன் டீச்சர் நிறுத்திட்டாரு? இன்னும் கேட்டிருக்கலாமே" என்றான். அடுத்த ஞாயிறு வகுப்பில் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.