பதினாறங்குல இலக்கணம்

ஒரு பொருளுக்கு இலக்கணம் கூறப் புகுவார் மூவகைக் குற்றம் நேராது காத்தல் வேண்டும் என்பர் தருக்க நூலார். கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசு விடுபடும், அஃது அவ்வியாத்தி. கொம்புடையது பசு என்றால் எருமையும் ஆடும் உட்புகும், அஃது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் எந்தப் பசுவிடத்தும் அது பொருந்தாது, அஃது அசம்பவம். வகுப்பறையிலே இவற்றுள் ஒன்று நேர்ந்தால் மாணவன் சில புள்ளிகளை இழப்பான். ஒரு நாட்டின் சட்டத்திலே நேர்ந்தால் இழப்பு அவ்வளவில் நிற்பதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே துப்பாக்கி ஆர்வலர் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

விவாதப் பொருள் குறுங்குழல் றைபிள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு சன்னம் பாய, அடுத்த தோட்டா தானே வந்து ஏறிக்கொள்ளும் அரைத்தானியங்கி வகையே இங்குப் பெரிதும் பேசப்படுவது. அதன் குழல் 16 அங்குலத்துக்குக் குறையுமாயின் அந்நாட்டுச் சட்டம் அதனைத் தனி இனமாகக் கொள்கிறது. பதிவின்றி அதனை வைத்திருப்பவன் 10 ஆண்டு வரை சிறையிருக்க நேரும்.

நீள்குழலை விரும்புவோர் கூறுவது இது: வெடிமருந்து எரிந்து எழும் வாயு சன்னத்தைக் குழலின் இறுதிவரை உந்திச் செல்கிறது. குழல் நீண்டால் உந்தும் நேரம் நீளும், வேகமும் மிகும். ஏஆர்-15 வகைத் துப்பாக்கியின் சன்னம் 4 கிராம் அளவினதே. எடையில் அற்பமாகிய அது தன் ஆற்றலைப் பெரும்பாலும் வேகத்திலிருந்தே பெறுகிறது. 20 அங்குலக் குழலிலே செக்கனுக்கு ஏறத்தாழ 3,100 அடி செல்வது, 14.5 அங்குலத்திலே 2,900 அடியளவாகத் தளரும். 10 அங்குலத்திலே மேலும் தளரும். எரிந்து முடியாத மருந்து குழல்வாயிலே தீப்பிழம்பாய்ச் சிதறும். ஓசை செவியைப் பிளக்கும். வியட்நாம் போரிலே 10 அங்குலக் குழலோடு வழங்கப்பட்ட துப்பாக்கிக்கு ஓசையையும் ஒளியையும் தணிக்கத் தனியுறுப்பு ஒன்று பூட்டவேண்டியதாயிற்று; பின்னர்க் குழலையே 11.5 அங்குலமாக நீட்டினர்.

குறுங்குழலாரும் வாளா இருப்பவரல்லர். கதவும் இடைகழியும் நிறைந்த வீட்டினுள்ளும், வாகனத்தினுள்ளும் நீண்ட துப்பாக்கியைத் திருப்புதல் அரிது; மூலையிலே ஆள் தோன்றுமுன் குழல் தோன்றிவிடும். ஆங்குத் தூரமோ சில முழங்களே. சில நூறு அடி வேகம் குறைந்தால் என்ன? அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவினர் 10.3 அங்குலக் குழலைக் கைக்கொண்டது இதனாலன்றோ என வினவுவர். அன்றியும், 2011இல் முறைப்படுத்தப்பட்ட .300 பிளக்கவுட் எனும் தோட்டா குறுங்குழலை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டது. அதன் மருந்து 9 அங்குலத்தினுள் பெரும்பாலும் எரிந்துவிடும் என்பர். அதன்மேல் ஒலியடக்கியையும் பூட்டினால் நீளம் பழையபடி ஆகிவிடுமே என்று எதிர்ப்பக்கத்தார் நகைப்பர்.

இரு சாராரும் உண்மையே கூறுகின்றனர். இடத்தையும் தொழிலையும் நோக்காது, நீளமொன்றையே கொண்டு துப்பாக்கியை மதிப்பிடல் இயலாது என்பதே அவர்தம் விவாதத்தின் சாரம். சட்டம் செய்ததோ அம்மதிப்பீட்டையே.

அது நேர்ந்த வரலாற்றைக் காண்போம். மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களின் பகையால் 1929இலே சிக்காகோ நகரில் ஒரே வேளையில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய கொடுமைகளின் பின் 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் எழுந்தது. ஆடையினுள் மறைக்கத்தகும் கைத்துப்பாக்கியையும் அடக்குவதாகவே மசோதாவின் முதல் வடிவம் இருந்தது. அதனைத் தடுத்தால் றைபிளை அறுத்துக் குறுக்கி மறைப்பாரே என்று குறுங்குழலையும் சேர்த்தனர். எதிர்ப்பு மிகவே கைத்துப்பாக்கி நீக்கப்பட்டது. குறுங்குழல் மட்டும் நின்றுவிட்டது. வீடு போயிற்று, வேலி எஞ்சிற்று. 18 அங்குலமாயிருந்த எல்லை 1960இலே றைபிள்களுக்குப் பொதுவாக 16 ஆயிற்று. அவ்விரண்டங்குலத்தில் இருந்த அபாயம் எங்கே போயிற்று என்று ஆர்வலர் கேட்கின்றனர். 1934இல் விதித்த 200 டொலர் வரியும் 2026 ஜனவரி முதலாந் திகதியோடு பூச்சியமாயிற்று. பதிவு மாத்திரம் நீக்கப்படவில்லை.

இனிக் குற்றங்களை ஆராய்வோம். தன் வேட்டைத் துப்பாக்கியின் குழலை அரை அங்குலம் கூடுதலாக அறுத்துவிட்டவனும் கொடியோர் வரிசையில் வைக்கப்படுவான், இஃது அதிவியாத்தி. 2022 மே மாதத்திலே டெக்சஸ் மாநிலத்து யுவால்டி ஊர்ப் பாடசாலையில் 19 மாணவரையும் 2 ஆசிரியரையும் மாய்த்தது, முறைப்படி விலைகொடுத்து வாங்கிய, சாதாரண நீளமுடைய றைபிளே. சட்டம் வரைந்த வேலிக்குள் அது வரவில்லை, இஃது அவ்வியாத்தி. ஆசிரியராயுள்ளோர் இவ்வரிகளை எளிதிற் கடந்து செல்லார்.

இவ்விரண்டையும் காட்டி, குறுங்குழலிலே தனி அபாயம் எதுவுமில்லை, இலக்கணம் முழுவதும் அசம்பவம் என்று ஆர்வலருட் பலர் முடிப்பர். ஈண்டே அவரோடு யாம் மாறுபடுகிறோம். தோளில் அணைத்துச் சுடுவதற்கென அமைந்ததே றைபிள் என்பது சட்டம். தோளணைக்கும் பிடங்கு இல்லாதது கைத்துப்பாக்கி எனப்படும். 2012இலே, அங்கக் குறைவுற்ற முன்னாட் படைவீரர் ஒற்றைக் கையாற் சுடுதற்கு உதவியாக, முன்கையிற் பூட்டும் தாங்கி ஒன்று ஆக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் அத்தாங்கியைத் தோளில் வைத்துச் சுடுவார் பலராயினர். பெயரளவிற் கைத்துப்பாக்கி, செயலளவிற் குறுங்குழல் றைபிள்! 2019 ஓகஸ்டிலே ஓகையோ மாநிலத்து டேற்றன் நகரில் அத்தகைய ஆயுதத்தோடு, 100 தோட்டா கொள்ளும் கூட்டையும் பூட்டி வந்தவன், பொலிசார் அவனை வீழ்த்துமுன் அரை நிமிட அளவிலே 9 பேரைக் கொன்றான். 2021 மார்ச்சிலே கொலறாடோ மாநிலத்துப் போல்டர் நகர அங்காடியில் 10 பேர் மாண்டதும் அவ்வகை ஆயுதத்தாலேயே. 2023இல் அரசினர் இவ்வகையுட் பெரும்பாலானவற்றைக் குறுங்குழல் இனத்துட் சேர்க்க விதி செய்தனர். 2024இல் டெக்சஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதாக்கிற்று.

ஆகவே குறுங்குழல் தீங்கற்றது என்பதும் பொய். தீங்கெல்லாம் குறுங்குழலில் உள்ளது என்பதும் பொய். அபாயம் மறைத்துக் கொண்டுசெல்லும் வசதியிலும், சுடும் விரைவிலும், தோட்டாக் கூட்டின் கொள்ளளவிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிடித்தவன் மனத்திலும் உள்ளது. 16 அங்குலம் என்பது இவற்றுள் முதலாவதன் ஓரத்தை மாத்திரம் தொடும் அடையாளமாம். ஒரு சாரார் அவ்வங்குலக் கணக்கை அழிக்க வாதிடுகின்றனர். மறுசாரார் அதனைக் காக்க வாதிடுகின்றனர். எதனைக் காக்க அவ்வேலி இடப்பட்டது என்ற வினாவோ கேட்பாரின்றிக் கிடக்கிறது.

இலக்கணம் பிழைத்தால் அதனைத் திருத்துதல் அறிவுடையார் கடன். நாம் கூறிய இலக்கணம் பிழைத்தது என்பதற்காகப் பசுவே இல்லையென்று சொல்வாருண்டோ?