தட்டைத் தனியாக வைக்க வேண்டாம்: காசநோயும் சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிறுவனமும்



ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோய் (டி.பி.) என்று தெரிந்ததும் என்ன நடக்கிறது? அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகின்றன. பாய் திண்ணைக்குப் போகிறது. "வெளியே சொல்லாதீங்க, புள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்கிறார் உம்மா. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு இருமல் நின்றதும், "இனி எதற்கு?" என்று வாப்பா நிறுத்திவிடுகிறார். நோய் மறுபடி வரும்போது முன்பு கேட்ட மருந்து கேட்பதில்லை.

இந்தப் பயங்களுக்கான விடைகளில் பல, நம் மாநிலத் தலைநகரிலேயே கண்டுபிடிக்கப்பட்டவை. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் நாம் வாங்கும் மாத்திரை அட்டைக்குப் பின்னால் அதன் உழைப்பு இருக்கிறது.

1956-இல் எழுந்த கேள்வி

அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். தாம்பரம் பக்கம் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ மிகக் குறைவு. உப்பளத்திலோ துறைமுகத்திலோ தினக்கூலிக்குப் போகிறவர் ஓராண்டு எங்கோ போய்ப் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா?

அப்போதுதான் புதிய மருந்துகள் வந்திருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் ஆய்வுகளை நடத்தினார். கேள்வி ஒன்றுதான்: இதே மருந்தை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் குணமாகுமா?

நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், மறு பிரிவுக்கு வீடு. இருவருக்கும் மருந்து ஒன்றே. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் கூடுதலாகக் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ அதே சின்ன அறையில், அதே கஞ்சியோடு இருந்தார்கள்.

முடிவு 1959-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் பெரும்பாலோர் குணமடைந்திருந்தனர், பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்து இன்னொரு கேள்வி: வீட்டில் நோயாளி இருந்ததால் பிள்ளைகளுக்குத் தொற்று கூடியதா? குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கூடவில்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்று பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அந்த ஆபத்து வேகமாகக் குறைகிறது.

இந்த முடிவு உலகையே மாற்றியது. வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது பல நாடுகளில் வழக்கமானது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆகவே தட்டைத் தனியாக வைப்பதில் பயனில்லை. காசநோய் பாத்திரத்தால் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது காற்றில் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். மருந்து தவறாமல் போகிறதா என்று பாருங்கள். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

விரும்பாத பதிலையும் சொல்வது

ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை, நாம் நம்புவதை உறுதிப்படுத்துவது மட்டுமல்ல. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. லட்சக்கணக்கான மக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. கசப்பான உண்மைதான், ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயைத் தடுப்பதால், பிறந்தவுடன் போடும் அந்த ஊசி இன்றும் தேவை. ஆனால் "சின்ன வயதில் ஊசி போட்டாச்சே, எனக்கு எப்படி வரும்?" என்று பெரியவர்கள் இருந்துவிடக் கூடாது.

சாப்பாடு முக்கியமா?

சாதாரணச் சாப்பாட்டோடும் மருந்து வேலை செய்தது என்று மேலே படித்தோம். அப்படியானால் உணவு தேவையில்லையா? அது குணமாவதைப் பற்றிய கேள்வி. நோய் வராமல் தடுப்பது வேறு கேள்வி. இதற்கு விடை காண, 2019 முதல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் இதே நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வை நடத்தினார்கள். 2,800 நோயாளிகளுக்கும் உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவர்களின் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாகத் தரப்பட்டன. மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டபோது இந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 2023-இல் முடிவு வெளியானது.

ஜகாத்தும் ஸதகாவும் கொடுக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசநோயாளி இருக்கும் ஏழை வீட்டுக்கு நாம் கொடுக்கும் அரிசியும் பருப்பும் பசியைத் தீர்ப்பதோடு, அந்த வீட்டுப் பிள்ளைகளை நோயிலிருந்தும் காக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

• சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை. இருமல் நின்றாலும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

• வீட்டில் உள்ள மற்றவர்களையும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் கிடைக்கிறது.

• சிகிச்சை காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

• ரமலானில் நோன்புக்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்த வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. டாக்டரிடமும் இமாமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

1956-இல் அந்த 193 பேரும் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டதால்தான் இன்று நம் வாப்பாவும் உம்மாவும் வீட்டிலிருந்தபடியே குணமாக முடிகிறது. நாமும் நோயை மறைக்காமல் இருந்தால், இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளின் காலத்தில் இந்த நோய் நம் ஊரில் இல்லாமல் போகும்.