கார்கில் வானில் நால்வர் கொடுத்த விலை

கார்கில் போரில் விமானப் படையின் பங்கு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை இரு பெயர்கள். ஒருவர், 1999-ம் ஆண்டு மே 27-ம் தேதி பாகிஸ்தானிடம் சிறைப்பட்டு, பின்னர் நாடு திரும்பிய நசிகேதா. மற்றவர், அதே நாளில் அவரைத் தேடும் முயற்சியில் உயிர்நீத்த அஜய் அகுஜா. அதற்கு மறுநாள் ஒரே ஹெலிகாப்டரில் மடிந்த நால்வரின் பெயர்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால், போரின் போக்கை மாற்றிய இழப்பு அது.

ஸ்குவாட்ரன் லீடர் ஆர்.புண்டிர், பிளைட் லெப்டினன்ட் எஸ்.முகிலன், சார்ஜென்ட்டுகள் பி.வி.என்.ஆர்.பிரசாத், ஆர்.கே.சாகு ஆகியோரே அந்த நால்வர். உத்தரப் பிரதேசத்தின் சர்சாவா விமானப் படைத் தளத்தைச் சேர்ந்த 152-வது ஹெலிகாப்டர் பிரிவில் பணியாற்றியவர்கள். முகில்கள் தவழும் சிகரங்களுக்கிடையே உயிர்துறந்தார், முகிலன் என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய அந்த இளம் விமானி.

ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலையை நேர்கீழே காணும் வகையில் அமைந்த டோலோலிங் சிகரம் அப்போது ஊடுருவல்காரர்கள் வசம் இருந்தது. மே 28-ம் தேதி எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டர்கள் அணியாகச் சென்று அதன் மீது ராக்கெட்டுகளை வீசின. தாக்குதலை முடித்துத் திரும்புகையில், தோளில் வைத்து ஏவப்படும் ஸ்டிங்கர் ஏவுகணை நால்வர் சென்ற ஹெலிகாப்டரைத் தாக்கியது. ஒருவரும் தப்பவில்லை.

எம்.ஐ.-17 அடிப்படையில் வீரர்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்வதற்கானது. டோலோலிங்கின் உயரம் சுமார் 15 ஆயிரம் அடி. காற்றின் அடர்த்தி குறைந்த அந்த உயரத்தில் ஹெலிகாப்டர் வேகமாக வளைந்து விலகுவது கடினம். என்ஜின் வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையைத் திசைதிருப்பத் தீச்சுடர்களை உமிழும் கருவி தேவை. சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரில் அக்கருவி இருக்கவில்லை என்பது போர் குறித்த ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

அத்தகைய மலைப் பகுதியில் ஹெலிகாப்டர்கள் எளிதில் இலக்காகிவிடும் என்ற தயக்கம் தமக்கு முன்பே இருந்ததாக, அப்போதைய விமானப் படைத் தளபதி ஏ.ஒய்.டிப்னிஸ் பிற்காலத்தில் எழுதினார். மலையில் சிக்கித் தவித்த தரைப்படையோ உடனடி உதவியை வேண்டி நின்றது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அந்த உயரத்தில் போரிடுவதற்கென்றே உருவான ஹெலிகாப்டர்தான் நாட்டிடம் இல்லை.

நால்வரின் மரணத்துக்குப் பின் தாக்குதல் பணியிலிருந்து ஹெலிகாப்டர்கள் விலக்கப்பட்டன. போர் விமானங்கள் ஏவுகணை எட்டாத உயரத்தில் பறந்து தாக்கத் தொடங்கின. ஜூன் 13-ம் தேதி டோலோலிங் மீட்கப்பட்டது. ஜூன் 24-ம் தேதி மிராஜ் விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகளால் டைகர் ஹில்லைத் தாக்கின.

நால்வருக்கும் மறைவுக்குப் பின் வீரதீரத்துக்கான வாயு சேனா பதக்கம் வழங்கப்பட்டது. தில்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கிரானைட் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. போரின் வெள்ளி விழாவையொட்டி, 2024 ஜூலையில் சர்சாவா தளத்திலும் மறைந்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இமயச் சிகரங்களில் தாக்குதல் நடத்தவல்ல 'பிரசண்ட்' ஹெலிகாப்டரை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அது முதன்முதலில் பறந்தது 2010-ல். விமானப் படையில் முறைப்படி சேர்க்கப்பட்டது 2022 அக்டோபரில். மேலும் 156 ஹெலிகாப்டர்களை வாங்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆண்டுதோறும் ஜூலை 26-ல் கார்கில் வெற்றி தினத்தன்று மலர்வளையங்கள் வைக்கப்படுகின்றன. அது நன்றிக்கடன். ஆனால், டோலோலிங் உணர்த்திய தேவை நிறைவேறத் தொடங்கவே 23 ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்து நினைவில் கொள்வதே அந்த நால்வருக்குச் செலுத்தும் முழுமையான அஞ்சலியாகும்.