மாம்பழக் கூடையில் மொய்க்கும் ஈ குற்றவாளியா?

2025 ஜூலையில் பங்காருபாளையம் மாம்பழ மார்க்கெட் செய்திகளில் அடிபட்டதற்குக் காரணம் தோத்தாபுரியின் விலைச் சரிவு. விலை ஏறினாலும் இறங்கினாலும், அந்த மார்க்கெட் இருக்கும் சித்தூர் மாவட்டத்து வீடுகளில் சீசன் முழுக்கப் பழக்கூடையைச் சுற்றிக் கடுகளவு ஈக்கள் மொய்க்கும். பழத்தில் புழு வைப்பது இவைதானே, ஸ்பிரே அடிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். வேண்டாம், புழு வைப்பது வேறு ஈ. லென்ஸில் பாருங்கள்: மூன்று மில்லிமீட்டருக்கு மிகாத நீளம், செங்கல் நிறக் கண்கள், வைக்கோல் நிற உடல், வயிற்றில் கறுப்புப் பட்டைகள். இது டிரோசோபிலா. புழுவுக்குக் காரணமான பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் வீட்டு ஈ அளவு இருக்கும்; குளவிச் சாயல், மஞ்சள் திட்டுகள், பெண்ணின் வால்நுனியில் ஊசி. மரத்தில் இருக்கும்போதே தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடும். டிரோசோபிலா தேடுவதோ ஏற்கெனவே வெடித்து, நசுங்கி, புளிக்கத் தொடங்கிய இடத்தை. அதன் புழுவுக்கு முக்கிய உணவு அங்கே பெருகும் ஈஸ்ட்.

புளித்த இடத்தை அது கண்டுபிடிக்கும் விதம்தான் அற்புதம். அதன் மூக்கு உணர்கொம்பில் இருக்கிறது; அதில் பல வகை வாசனை உணரிகள். மாம்பழ மண்டியின் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வினிகர் வாசனை ஒரு விலை கேட்கிறது, ஆல்கஹால் ஏற்றிக் கேட்கிறது, ஏலம் சூடுபிடிக்கிறது. ஓரத்தில் ஒரு பெரியவர். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சரக்கு. அது வந்ததும் அவர் கையை உயர்த்துவார். யார் எவ்வளவு ஏற்றிக் கேட்டிருந்தாலும் ஏலம் அத்தோடு நின்றுவிடும். அந்தப் பெரியவர்தான் Or56a என்னும் உணரி; அவர் அறிந்த சரக்கு ஜியோஸ்மின், மழை விழுந்ததும் எழும் மண்வாசனையின் முக்கியப் பொருள். பழத்தில் இந்த வாசனை வந்தால் நச்சுப் பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறியிருக்கலாம். வினிகரோடு ஜியோஸ்மினைக் கலந்து வைத்தால் ஈ விலகுகிறது, உண்பதில்லை, முட்டையிடுவதும் குறைகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நாம் ரசிக்கும் மணம் அதற்கு அபாய அறிவிப்பு.



அப்படியானால் ஈ உட்கார்ந்த பழம் பூஞ்சையில்லாத நல்ல பழம் என்று சான்றிதழ் தரலாமா? கூடாது, எல்லாப் பூஞ்சையும் ஜியோஸ்மின் சுரப்பதில்லை. குப்பையிலிருந்து கிருமியைச் சுமந்து வருமே என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கு வெட்டிய பழத்தை மூடி வைப்பதே பதில். அதே பேரினத்தைச் சேர்ந்த டிரோசோபிலா சுசூகி நல்ல பழத்தையும் துளைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதன் இலக்கு செர்ரி, ஸ்ட்ராபெர்ரி போன்ற மெல்லிய தோல் பழங்கள். நம் கூடை ஈ கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. முட்டை ஈயாக 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 10 நாள் போதும் என்பதால், இன்று பறப்பவற்றை மருந்தடித்துக் கொன்றாலும் அழுகிய பழம் இருக்கும்வரை அடுத்த தலைமுறை வந்துகொண்டே இருக்கும்; மருந்தோ நாம் தின்னும் பழத்தில் படியும். அழுகியதை அகற்றி, கூடையைக் கழுவி, குப்பைத்தொட்டியைத் தினமும் காலி செய்யுங்கள். புழுவை ஒழிக்க விரும்புவோர் மீத்தைல் யூஜினால் பொறியை மாந்தோப்பில் வைக்க வேண்டும்; சமையலறையில் அல்ல.