உமியும் உலோகமும்

அட்டாளைச்சேனை வட்டைகளில் விளைந்த நெல் ஆலைக்குச் சென்றதும் அரிசியின் விலையே பேச்சாகின்றது. உமியைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம். அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது 4 கிலோகிராம் வரை, உமியாகும். நெல் அவிக்கும் அடுப்புக்கும் செங்கற் சூளைக்கும் போக எஞ்சுவது ஆலையின் பின்புறத்தே குவிகின்றது. 'கழிவு' எனப்படும் இப்பொருள் நீரிற் கரைந்த நச்சு உலோகங்களைப் பற்றிக்கொள்ள வல்லது என்பதை இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இலக்கிய மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். ஒன்றைப் பண்டமென்றும் மற்றொன்றைக் கழிவென்றும் பெயரிடுவது சந்தை. சொற்களின் பின்னணியை ஆராய்வது நமது தொழில்.

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்த மரபு நமக்குண்டு. ஆயின் கட்மியமும் ஈயமும் தெளிந்த நீரிலும் கரைந்திருக்கும். கண்ணும் நாவும் அவற்றை அறியா. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, இலீற்றருக்குக் கட்மியம் 0.003 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம் ஆகும்.

உமியின் செலுலோசிலும் இலிக்னினிலும் ஐதரொட்சில், காபொட்சில் கூட்டங்கள் உள. நேரேற்றமுடைய உலோக அயன்கள் இவற்றோடு பிணைகின்றன. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் ஐதரசன் அயன்கள் அவ்விடங்களை முந்திப் பிடித்துக்கொள்ள, உலோகம் நீரிலேயே தங்கிவிடும். பச்சை உமியின் ஆற்றல் சிறிது. எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் சிலிக்காவின் ஒரு பகுதி நீங்கி, கட்மியத்தைப் பற்றும் ஆற்றல் பெருகுகின்றது. ஆனால் எரிசோடாவுக்குப் பணம் வேண்டும். கழுவிய நீரும் எங்கேனும் போக வேண்டும். 'மலிவான முறை' என்ற தொடரைக் காணுந்தோறும், எவருக்கு மலிவு என வினவுதல் தகும்.

உலோகம் எங்கிருந்து வருகின்றது? பொசுபேற்றுப் பாறையில் கட்மியம் இயற்கையாகவே உண்டு. அப்பாறையிலிருந்து ஆக்கப்படும் உரத்தின் வழி அது வயலை அடைகின்றது. உர மானியம் 1962இல் தொடங்கியது. இரசாயன உர இறக்குமதி 2021இல் திடீரெனத் தடுக்கப்பட்டு அவ்வாண்டிலேயே மீள அனுமதிக்கப்பட்டபோது, கமக்காரர் அவ்வுரத்தில் எவ்வளவு ஆழமாகத் தங்கியுள்ளனர் என்பது வெளிப்பட்டது. போடியாருக்கு அது இலாபக் கணக்கு. குத்தகை நிலத்தில் உழைப்பவனுக்குக் கடன் கணக்கு.

வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கண்டறியப்பட்ட சிறுநீரக நோய்க்குக் கட்மியமே காரணமெனச் சிலர் துணிந்துரைத்தனர். 2013இல் வெளியான ஆய்வொன்று நோயாளரின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாயிருந்ததைக் கண்டது. காரணம் பற்றிய விவாதமோ தீரவில்லை. கட்மியம் சோற்றின் வழியும் உடலிற் சேர்வது. வடிகட்டி ஒன்றைக் கொடுத்துக் கைகழுவ விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

பற்றப்பட்ட உலோகம் அழிவதுமில்லை. அமிலத்தாற் கழுவி அதனைப் பிரித்து, உமியை மீளப் பயன்படுத்தலாம். சில சுற்றுகளின் பின் அதன் ஆற்றல் குன்றும். அவ்வுமியை வயலிற் கொட்டினாலோ, எரித்துச் சாம்பலை எருவாக இட்டாலோ, உலோகம் புறப்பட்ட மண்ணுக்கே திரும்பிவிடும். எனவே தொட்டியில் உமி நிரப்புமுன் கிணற்று நீரில் எவ்வுலோகம் எவ்வளவு உளதெனச் சோதிக்க வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே உள்ளது. நஞ்சேறிய உமியை ஏற்பது ஆலை உடைமையாளரா, பிரதேச சபையா, கிணற்றுக்குரியவரா என்பதும் அதற்கு முன்னரே எழுத்தில் முடிவாக வேண்டும்.