கூண்டுக்கு வந்த விருந்தாளி

பறவை வளர்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஊரைவிட்டு வெகு தூரம் வந்து, டில்லியில் வாடகை அறையில் தனித்திருந்து படிக்கும் மாணவனுக்குக் கீச்சென்று ஒரு குரல் கேட்டால் அதுவே பெருந்துணை. கடைத்தெருவுக்குப் போன நண்பர் சிலர் ஒரு கூண்டும் இரண்டு பறவைகளுமாகத் திரும்புவதைக் காண்கிறோம். வாங்குவது எளிது. வந்த பறவையை அச்சமின்றிக் குடியமர்த்துவது எவ்வாறு? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கிளி என்றதும் மதுரை மீனாட்சியின் கையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையும் நம் நினைவுக்கு வரும். ஆனால் நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பட்ஜெரிகரின் தாயகமோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. ஜான் கூல்டு என்ற பறவையியல் அறிஞர் 1840இல் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின் கூண்டிலேயே பிறந்து பெருகி உலகெங்கும் பரவிவிட்டது. எடை 30 முதல் 40 கிராம்தான்.

இயற்கையில் இது பெருங்கூட்டமாக வாழ்வது. பருந்து போன்ற வேட்டைப் பறவைகளுக்கு இரையாவது. கூட்டத்தில் சோர்ந்து தெரியும் பறவையே முதலில் பிடிபடும். எனவே நோயையும் நலிவையும் மறைப்பது இதன் பிறவிக் குணம். புதிதாக வந்த பறவை ஒரு மூலையில் அசையாது அமர்ந்திருப்பதைக் கண்டு, “எவ்வளவு சாது!” என்று மகிழ்கிறோம். அது சாந்தம் அன்று, அச்சம். இந்த ஒன்றை உணர்ந்துகொண்டால், செய்ய வேண்டியவை யாவும் தாமே விளங்கும்.

பறவை வருவதற்கு முன்பே கூண்டு ஆயத்தமாக இருக்க வேண்டும். உயரத்தைவிட நீளம் முக்கியம். பறவை மேலும் கீழுமாகப் பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. இரண்டு பறவைகளுக்கு 75 சென்டிமீட்டர் நீளமேனும் இருத்தல் நலம். கம்பிகளின் இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் தலை சிக்கிக்கொள்ளும். வழவழப்பான ஒரே அளவுக் குச்சிகளுக்குப் பதிலாக வேம்பு, கொய்யா இவற்றின் கிளைகளை வெவ்வேறு பருமனில் கழுவிப் பொருத்தினால் கால்களுக்கு இதம். கடைக்காரர் கொடுக்கும் மண்பானையை மாட்ட வேண்டாம். அது முட்டையிடத் தூண்டும்.

கூண்டை நம் மார்பளவு உயரத்தில், ஒரு பக்கமேனும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். நாற்புறமும் திறந்திருந்தால் பகை எத்திசையிலிருந்து வருமோ என்று பறவை ஓயாது அஞ்சும். நேர் வெயிலும், கூலரின் நேர்க்காற்றும் ஆகா. சமையல் செய்யும் இடம் அறவே கூடாது. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் பல இணைந்துள்ளன. நச்சுக் காற்று மிக விரைவில் அதைத் தாக்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை அறியக் கேனரிப் பறவைகளை வைத்திருந்ததும் இதனால்தான். அவ்வழக்கத்தைக் கைவிடும் அறிவிப்பு 1986இல்தான் வந்தது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை நமக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் அத்தகையதே. அது பறவைக்கு மட்டுமன்றி நமக்கும் எமன்.

முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றே: தனியே விடுதல். காற்றுத் துளையிட்ட சிறு பெட்டியில் கொண்டு வந்து, பெட்டியின் வாயைக் கூண்டின் வாயோடு சேர்த்து வைத்தால் பறவை தானே உள்ளே போகும். நண்பர் குழாம் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பது அதற்குப் பெரிய துன்பம். கடையில் தின்ற அதே தானியத்தையே சில நாள் கொடுக்க வேண்டும். புதிய கிண்ணம் உணவுக் கிண்ணம் என்பது அதற்குத் தெரியாமல் போகலாம். ஆகையால் கூண்டின் தரையிலும் ஒரு தாளை விரித்துக் கொஞ்சம் தூவி வைக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பட்ஜெரிகர் தானியத்தை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பது போலவே தோன்றும். உள்ளே ஒரு மணியும் இராது. நிறைந்த கிண்ணத்தின் அருகே பட்டினி கிடந்து மடியும் பறவைகள் உண்டு. காலையும் மாலையும் உமியை ஊதிவிட்டுப் பார்ப்பது ஒரு நொடி வேலை. உயிர் காக்கும் வேலை.

எச்சத்தையும் கவனிக்க வேண்டும். கரும்பச்சைச் சுருளும் நடுவே வெண்மையுமாக இருப்பது நலத்தின் அடையாளம். ஒரு நாள் முழுதும் உண்ணாமை, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் குந்துதல், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதல் — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் பார்ப்போம் என்று இருக்கலாகாது. செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்களின் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே தரும மருத்துவமனை இருப்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் கூண்டுக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்து நம் பாடத்தை மெல்ல வாய்விட்டுப் படிக்கலாம். பறவையைக் கூர்ந்து நோக்க வேண்டாம்; பருந்தும் அப்படித்தான் நோக்கும். கையை மேலிருந்து நீட்டவும் வேண்டாம். பருந்து மேலிருந்தே பாயும். நம் எதிரிலேயே உண்ணத் தொடங்கினால், இறகைக் கோதினால், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு உறங்கினால், பறவை நம்மை நம்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகே தினைக்கதிர் ஒன்றைக் கையில் பிடித்துக் கூண்டின் வாயிலில் காட்டலாம். சில பறவைகள் ஒரு வாரத்தில் வரும். சில இரண்டு மாதமானாலும் வாரா. அவசரம் நமக்குத்தான், அதற்கு இல்லை. முதன்முறை அறைக்குள் பறக்கவிடும் போது மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கண்ணாடியை மூட வேண்டும்.

தானியம் மட்டும் போதாது. கொத்தமல்லி, முருங்கைக்கீரை, காரட் இவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்துத் தரும். காப்பி, சாக்லேட், வெங்காயம், வெண்ணெய்ப்பழம் ஆகியவை நஞ்சு. இரவில் 10 மணி நேரமாவது இருட்டும் அமைதியும் தேவை. தேர்வுக்கு விடிய விடிய விளக்கெரிக்கும் அறையில் கூண்டைத் துணியால் ஓரளவு மூடி, காற்றுக்கு வழிவிட வேண்டும். கூண்டைத் துப்புரவு செய்தபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் அவசியம். கிளியினத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலும் உண்டு.

இறுதியாக ஒரு கேள்வி. தேர்வு முடிந்ததும் நாம் சென்னைக்கு வண்டி ஏறுவோம். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் பயணம். அந்தக் கோடை விடுமுறையில் பறவையை யார் பார்ப்பது? “திறந்து விட்டால் போயிற்று, புண்ணியமும் ஆயிற்று” என்பார் உண்டு. அது புண்ணியம் அன்று. கூண்டில் பிறந்த பட்ஜெரிகருக்கு இரை தேடத் தெரியாது, மறைந்துகொள்ளவும் தெரியாது. காக்கைக்கும் பருந்துக்கும் இரையாக வெகுநேரம் ஆகாது. நன்கு பேணினால் 5 முதல் 10 ஆண்டுவரை வாழக்கூடிய உயிர் அது. நம் பட்டப் படிப்போ மூன்றே ஆண்டு. உள்ளூர் நண்பர் ஒருவர் பொறுப்பேற்க இசைந்த பின்னரே கடைக்குப் போவோம். அப்படி ஒருவரும் இல்லையெனில், சன்னலுக்கு வெளியே ஒரு சட்டியில் தண்ணீர் வைப்போம். வரும் சிட்டுகள் நமக்குப் போதும்.