கதவு திறந்திருக்கிறது, படி எங்கே?

யாவரும் வரலாம், யாவரும் திருத்தலாம் என்பதே திறந்த மூல மென்பொருளின் முதல் அறிவிப்பு. மென்பொருளின் மூல நிரலை ஒளித்து வைக்காமல் உலகத்தார் முன் விரித்து வைத்து, ‘குறை கண்டால் நீங்களே திருத்தி அனுப்புங்கள்’ என்று அழைக்கும் பெருந்தன்மை அதில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் அடித்தளமாக இருக்கிறது. அதை வளர்த்தவர்கள் பல்லாயிரவர்.

ஆயினும் அழைப்பு விடுத்ததாலேயே வந்தவர் உள்ளே நுழைந்துவிடுவதில்லை. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க எவரும் வரலாம். எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது, சக்கரத்திற்குக் கட்டை போடுபவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியாதவன் ஓரமாகவே நின்றுவிடுவான். மென்பொருள் திட்டங்களில் இதைச் சொல்லித் தருவதற்கென்றே ஓர் ஏடு உண்டு. ‘பங்களிப்போர் நெறிமுறை’ என்று அதனைக் குறிப்பிடலாம். 2012இல் கிட்ஹப் தளம், அந்த ஏட்டை வைத்திருக்கும் திட்டங்களுக்கு எவரேனும் திருத்தம் அனுப்ப முனையும்போது அதற்கு வழிகாட்டும் இணைப்பைத் தானே காட்டத் தொடங்கிற்று. ஏடு கண்ணில் படுகிறது. படித்தவனுக்குப் பயன்படுகிறதா என்பது வேறு கேள்வி. அதை எவ்வாறு சீர்படுத்தலாம் என்பதை, நான் பட்ட பாட்டைக் கொண்டே இங்குச் சொல்ல விழைகிறேன்.

ஒரு ‘கொ’ படுத்திய பாடு

சென்ற ஆண்டு எங்கள் துறை ஆய்வகத்தில், திறந்த மூல உரைத் தொகுப்பி ஒன்றில் (பெயர் வேண்டாம்) கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ‘கொடை’ என்ற சொல்லைத் தேடச் சொன்னால் ‘இல்லை’ என்றது. கண்ணெதிரே நான்கு இடங்களில் இருந்தது! காரணம் பின்னர்தான் விளங்கிற்று. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பதை இருவிதமாகப் பதியலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று; கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு.

இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பைத்தான் மொழியிலேயே இருக்கிறது. தேடும் சொல்லையும் தேடப்படும் உரையையும் அதன் வழியே செலுத்திவிட்டால் போதும். வடிவு மாறினால் குறியீடுகளின் எண்ணிக்கையும் மாறி, கண்டுபிடித்த இடத்திற்குச் சற்றுத் தள்ளிச் சுட்டி நிற்கும். அதைச் சரிசெய்வதற்கும் சேர்த்துப் பத்து வரிகள். அப்பத்து வரிகளை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அவற்றை ஏற்கச் செய்ய இரண்டு மாதம் ஆயிற்று.

அத்திட்டத்தின் நெறிமுறை ஏடு பன்னிரண்டு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் வரவேற்பும் நன்னடத்தையும். நான்காம் பக்கத்தில் நிறுவச் சொன்ன கருவியோ, அத்திட்டத்தாரே எப்போதோ கைவிட்ட கருவி. ‘சோதனைகளை இயக்கிப் பார்த்து அனுப்புக’ என்றது ஏடு. எந்தக் கட்டளையால் இயக்குவது என்று சொல்லவில்லை. மூன்று மாலைகள் இப்படியே கழிந்தன. எங்கள் ஆய்வகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஐந்தரைப் பேருந்தை விட்டால் எங்கள் ஊருக்கு எட்டு மணிக்குத்தான் அடுத்த பேருந்து. வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவனுக்கு மூன்று மாலைகள் என்றால் ஒரு வாரம் என்று கொள்க.

எப்படியோ அனுப்பினேன். பத்தொன்பது நாள் பதில் இல்லை. பின்னர், ‘நடைமுறைப்படி இல்லை’ என்று ஒரு வரி வந்தது. எந்த நடைமுறை? நம் ஆங்கிலம் போதாது போலும், இது நம்மைப் போன்றோர்க்கு உரிய இடமன்று போலும் என்றெண்ணி விட்டுவிட முடிவு செய்தேன். என் வகுப்புத் தோழர் இருவர் எனக்கு முன்பே அதே வாயிலில் நின்று திரும்பியவர்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தபோதுதான் எனக்குச் சினம் வந்தது. திரும்பிப் போகிறவர் எவரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் போவதில்லை. உள்ளே இருப்பவர்களோ அந்த ஏட்டைப் படிப்பதை என்றோ நிறுத்திவிட்டார்கள்; அவர்களுக்கு அது தேவையில்லை. ஏடு பாழடைந்து கிடப்பது பின் எவருக்குத் தெரியும்?

தடுக்கிய இடங்களையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பினேன். திட்டத்தின் பராமரிப்பாளர் நல்லவர். ‘ஏட்டை நீங்களே திருத்தித் தாருங்களேன்’ என்று மறுமொழி எழுதினார்.

வாய் திறவாமல் பார்த்தது

உண்மையைச் சொன்னால், நான் எழுதிய முதற்படி பழைய ஏட்டைவிட மோசம். என் மனக்குறை முழுவதையும் கொட்டி இருபது பக்கமாக்கியிருந்தேன். எங்கள் பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை ஒரு முதலாமாண்டு மாணவியிடம் கொடு, பக்கத்தில் உட்கார், வாயைத் திறக்காதே” என்றார்.

அவ்வாறே செய்தேன். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்புவதே அந்தத் தங்கைக்குத் தந்த வேலை. நாற்பது நிமிடத்தில் ஏழு இடங்களில் நின்றாள். சொல்லிக் கொடுக்கத் துடித்த நாவை அடக்கிக்கொண்டிருப்பது எளிதன்று! ஆனால் அவள் நின்ற இடங்களில் பாதியை நான் எதிர்பார்க்கவேயில்லை. தொடங்கும் முன்பே தயங்கினாள்: ‘யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா, அண்ணா?’ சிறு திருத்தத்திற்கு அனுமதி தேவையில்லை, பெரிய மாற்றமானால் முதலில் கேட்க வேண்டும் என்பது உள்ளிருப்போர் அனைவர்க்கும் தெரியும், ஏட்டில்தான் இல்லை. சோதனையை இயக்கியதும் திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடின. எதையோ உடைத்துவிட்டதாக அஞ்சிக் கையை எடுத்துவிட்டாள். அவை எப்போதும் வரும் எச்சரிக்கைகள். கடைசி வரி ஒன்றே பார்க்கத்தக்கது. ‘இதைச் செய்க’ என்று எழுதுவோர், ‘செய்தால் திரையில் இது தெரியும்’ என்பதையும் எழுத வேண்டும் என்று அன்றுதான் கற்றேன்.

இருபது பக்கம் இரண்டாகச் சுருங்கிற்று. நிறுவும் முறை, சோதிக்கும் கட்டளை, சரியாக அமைந்தால் தோன்றும் வரி, அனுப்பும் வழி ஆகியவை முதற்பக்கத்தில். மற்றவை பின்னே, தேவைப்படுவோர்க்கு. பராமரிப்பாளரை வற்புறுத்தி ஒரு வரியையும் சேர்த்தேன்: பத்து நாளில் பதில் வராவிடில் ஒருமுறை நினைவூட்டுக, அது தவறாகாது. பெரியவர்களை இருமுறை கேட்பது மரியாதையன்று என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்பது அவருக்கு முதலில் விளங்கவில்லை.

விதியும் காரணமும்

எல்லா விதிகளையும் நீக்கிவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. காரணம் தெரிந்த விதி எவருக்கும் சுமையாவதில்லை. லினக்ஸ் கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புவோர் தம் பெயரைக் கையொப்ப வரியாகக் கீழே பொறிக்க வேண்டும். வெற்றுச் சடங்காகத் தோன்றும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்து, தனக்கு உரிமையான நிரல் லினக்ஸில் நுழைக்கப்பட்டதாகக் கூறியது. எந்த வரி யாரிடமிருந்து எவ்வழியே வந்தது என்று காட்டும் முறை தேவைப்பட்டது. 2004இல் கையொப்ப வரி வந்தது. ‘இதை அளிக்க எனக்கு உரிமையுண்டு’ என்பதே அதன் பொருள். காரணம் தேய்ந்த விதியைத் தளர்த்தவும் அவர்கள் தயங்கவில்லை. ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டினால் எச்சரித்து வந்த அவர்களுடைய சரிபார்ப்புக் கருவி, 2020 முதல் 100 வரை பொறுத்துக்கொள்கிறது.

காவலும் வேண்டியதே. அக்டோபர் மாதத்தில் குறித்த எண்ணிக்கையில் திருத்தம் அனுப்பினால் சட்டை பரிசு என்றது ஹேக்டோபர்ஃபெஸ்ட் விழா. 2020இல் பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாகக் குவிந்து பராமரிப்பாளர்கள் திணறினர்; விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டுமே என்று அம்மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற நேர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆக்கித் தந்தவற்றை ஏற்பதில்லை என்று 2024இல் ஜென்டூ லினக்ஸ் முடிவு செய்தது. இத்தகைய நிலைப்பாட்டை, எதுவாயினும், ஏட்டில் வெளிப்படையாக எழுதிவிடுவதே வருவோர்க்கும் நல்லது. எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டு, வந்தபின் ‘நடைமுறைப்படி இல்லை’ என்பதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

என் பத்து வரிகள் ஏற்கப்பட்டுவிட்டன. ‘கொடை’ இப்போது கிடைக்கிறது. அந்தத் தங்கையின் எழுத்துப்பிழைத் திருத்தமோ எனக்கு முன்பே, மூன்றாம் நாளே ஏற்கப்பட்டது! இப்போது நாங்கள் இருவரும் அந்த இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதற்படி ஆய்வகத்தின் சன்னலோரக் கணிப்பொறியில் இருக்கிறது. எத்துறை மாணவராயினும் புதன்கிழமை மாலை வாருங்கள். ஏட்டைப் பார்த்து நீங்களே செய்யத் தொடங்குங்கள். நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் பேச மாட்டேன். எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் குறித்துத் தாருங்கள்.